எபிசோட் 14: பள்ளிக்கூடத் தோழிகள் போருக்குப் போன கதை

போன வாரம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் பக்கம் நடந்து போயிட்டிருந்தேன். என்.சி.சி. யூனிஃபார்ம்ல நாலஞ்சு பொண்ணுங்க பேருந்துக்கு நின்னாங்க. பதினாறு வயசு இருக்கும். ஒருத்திக்கு பூட்ஸ் கடிக்குது போல, மத்தவங்க அவளைக் கேலி பண்ணிட்டிருந்தாங்க. அப்பவே இந்த எபிசோட் முடிவாயிருச்சு.

ஏன்னா அதே வயசுல, இரண்டாம் உலகப்போர்ல தமிழ்ப் பொண்ணுங்க ரைஃபிள் தூக்கியிருக்காங்க. நம்ம திருநெல்வேலியில இல்ல, மலேயாவுல. ஆனா ஆறு தாண்டி, கடல் தாண்டி ரப்பர் தோட்டத்துக்குப் போனவங்கள்ல நம்ம ஜில்லாக்காரங்களும் உண்டு. கங்காணி கூட்டிட்டுப் போவார், நாகப்பட்டினத்துல கப்பல்.

1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போச்சு. அடுத்த வருஷம் ஜூலையில சுபாஷ் சந்திர போஸ் அங்க வந்து, இந்திய தேசிய ராணுவத்துல பெண்களுக்கும் ஒரு படை வேணும்னார். ஜான்சி ராணி படை. தலைமை, சென்னையில டாக்டருக்குப் படிச்ச லட்சுமி சுவாமிநாதன். அக்டோபர் 22, சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவுல முகாம் திறந்தாங்க.

சேர்ந்தவங்கள்ல ரெண்டு வகை. வசதியான, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணுங்க ஒரு பக்கம். ஈப்போவுல இருந்து ராசம்மா, கூடவே அவங்க அக்கா பொன்னம்மா. கோலாலம்பூர்ல ஜானகி. கூட்டத்துல போஸ் பேசினதைக் கேட்டு, போட்டிருந்த நகையைக் கழட்டிக் கொடுத்தவங்க அவங்க. இன்னொரு பக்கம், பள்ளிக்கூட வாசலையே பார்க்காத தோட்டத்துப் பொண்ணுங்க. எண்ணிக்கையில இவங்கதான் அதிகம். கட்டளை எல்லாம் இந்துஸ்தானியில. பாதிப் பேருக்கு ‘திரும்பு’ன்னா எந்தப் பக்கம்னே முதல்ல புரிஞ்சிருக்காது! ஆனா ரெண்டு கூட்டமும் ஒரே வரிசையில படுத்து, ஒரே சோத்தைச் சாப்பிட்டு, மூட்டையைத் தூக்கிட்டு மைல் கணக்கா நடந்து, பிரென் கன் சுடப் பழகினாங்க.

1944-ல பர்மாவுக்கு ரயில். எந்தப் பாதைன்னு கவனிங்க. சயாம்-பர்மா மரண ரயில் பாதை. மலேயாத் தோட்டங்கள்ல இருந்து ஜப்பான்காரன் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல செத்து விழுந்து போட்ட தண்டவாளம். அதே ஜப்பானோட கூட்டாளிப் படையில, அதே தண்டவாளத்து மேல, அதே தோட்டத்துப் பொண்ணுங்க. இதை நான் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன். வீரக்கதையா மட்டும் இதைச் சொல்ல முடியல எனக்கு.

சண்டை போட்டாங்களான்னு கேட்பீங்க. இம்பால் முனைக்கு இவங்களை அனுப்பவே இல்ல. எங்களையும் அனுப்புங்கன்னு ரத்தத்துல கையெழுத்துப் போட்டு மனு கொடுத்ததா சொல்வாங்க. இம்பால் தோத்துப்போச்சு. மேமியோவுல காயம்பட்டவங்களுக்குக் கட்டுப் போடுற வேலைதான் கிடைச்சது.

போர் இவங்களைத் தொட்டது திரும்பி வர்ற வழியில. ஒரு குழு வந்த ரயில் மேல கெரில்லாக்கள் சுட்டாங்க. ஸ்டெல்லா, ஜோசஃபின்னு ரெண்டு பேர் இறந்தாங்க. மத்த பொண்ணுங்க திருப்பிச் சுட்டாங்க. 1945 ஏப்ரல் 24, போஸோட ரங்கூனை விட்டுக் கிளம்பின குழுவுல ஜானகி இருந்தாங்க. பகல்ல மேல விமானம். அதனால ராத்திரியில நடை, மழை, சேறு, ஆறு. பாங்காக் போய்ச் சேர மூணு வாரம் கிட்ட ஆச்சு.

அப்புறம்? ஜானகி மலேசியாவுல செனட்டர் ஆனாங்க, 2000-ல பத்மஸ்ரீ. ராசம்மா பள்ளித் தலைமையாசிரியை. ஆசிரியைகளுக்குச் சம சம்பளம் கேட்டுப் போராடினாங்க. தோட்டத்துப் பொண்ணுங்க பெரும்பாலும் தோட்டத்துக்கே திரும்பினாங்க. பால் வெட்டுற கத்தி, அதே லயன் வீடு. அவங்ககிட்ட யாரும் மைக் நீட்டல.

உங்க வீட்டுல மலேயா போய் வந்த ஆச்சி, தாத்தா யாராவது இருந்திருந்தா, கேட்டுப் பாருங்க. ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன்.