மூட்டுகளின் கதை – 9: பின்தொடரும் பாதம்

முழங்கால் மூட்டின் அமைப்பைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்த அன்பர் ஒருவர், "தேய்ந்துபோனதை மேலும் மேலும் அசைத்தால் இன்னும் தேய்ந்துதானே போகும்?" என்று கேட்டிருக்கிறார். இதே கேள்வியை என் தாயார் தம் கடைசிப் பத்து வருஷங்களும் கேட்டுக்கொண்டிருந்தார். கூடத்து ஊஞ்சலிலிருந்து பூஜை அறைக்கும், பூஜை அறையிலிருந்து ஊஞ்சலுக்குமாகத் தம் உலகத்தைச் சுருக்கிக்கொண்டு, கால்களைக் காப்பாற்றுவதாக எண்ணியே அவற்றின் பலத்தை நாளுக்கு நாள் இழந்துவந்த அவருக்குப் பதில் சொல்லும் விஷய ஞானம் அன்று எனக்கு இருக்கவில்லை. அந்தக் கடன் மனத்தில் இருப்பதனால், அன்பரின் கேள்விக்குச் சற்று விஸ்தாரமாகவே பதில் எழுதுகிறேன்.

எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையா. அப்படியானால் அதற்கு ஆகாரம் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தால், மூட்டுக்குள் ஊறியிருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்துதான் வருகிறது. நாம் காலூன்றி உடலின் பாரத்தை ஏற்றும்போது குருத்தெலும்பு பஞ்சைப் போலப் பிழியப்பட்டுக் கழிவை வெளியேற்றுவதும், பாரம் நீங்கும்போது புதிய திரவத்தை உறிஞ்சிக்கொள்வதுமாக அந்தப் போஷணை நடைபெறுகிறது. ஆகவே மாதக்கணக்கில் அசையாதிருக்கும் மூட்டு, ஓய்வு என்ற பெயரால் பட்டினி கிடக்கிறது. இது போதாதென்று, முழங்காலைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தொடையின் முன்தசையும் உபயோகமின்றி மெலிந்துவிட, தசை சுமக்க வேண்டிய பாரத்தையும் நோயுற்ற மூட்டே சுமக்க நேரிடுகிறது, வலி மிகுகிறது, வலிக்குப் பயந்து இன்னும் அசையாமலிருக்கிறோம்.

இந்த விஷச் சக்கரத்தை உடைக்க ஓட்டமும் குதியும் உதவமாட்டா. அதிர்ச்சி தராமலும், திடீரென்று திருப்பாமலும், தசைக்கு மட்டும் தக்க உழைப்பைத் தரக்கூடிய ஓர் அப்பியாசம் வேண்டும். யுத்தப் பயிற்சியாகத் தோன்றிய ஒரு கலையிலிருந்து அது கிடைத்திருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம். தாய் சி எனப்படும் இந்தச் சீனக் கலையின் முழுப் பெயரில் முஷ்டி என்று பொருள்படும் ஒரு சொல்லும் உண்டு. ஹெனான் மாகாணத்தில் சென் வம்சத்தார் வாழ்ந்த ஒரு கிராமத்தில் பதினேழாம் நூற்றாண்டில் இது உருவாயிற்றென்பர். பின்னர் யாங் லூச்சான் என்பவர் அங்கே கற்றுப் பீகிங் நகரில் பரப்பினார். 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறையினர் இருபத்துநான்கு அசைவுகளாகச் சுருக்கியமைத்த பிறகு, பூங்காக்களில் விடியற்காலையில் முதியவர்கள் கூட்டமாகச் செய்யும் சாதாரண வழக்கமாகவும் அது ஆகிவிட்டது.

இக்கலையின் பல சம்பிரதாயங்களுள் மூட்டு நோயாளிகளுக்கு மிகவும் இசைந்தது, 1860-ல் பிறந்த சுன் லூத்தாங் வகுத்தளித்த முறையாகும். வேறிரண்டு யுத்தக் கலைகளில் முன்னமே தேர்ந்திருந்த அவர், பீகிங்குக்கு வந்த இடத்தில் நோயுற்றுப் படுத்துவிட்ட ஹாவோ வெய்ச்சென் என்ற ஆசிரியரைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு பணிவிடை செய்ததாகவும், குணமடைந்த அவர் அந்த நன்றிக்காகத் தம்மிடமிருந்த தாய் சியைக் கற்றுக்கொடுத்ததாகவும் சொல்வார்கள். அதையும் தாம் முன்பே அறிந்திருந்தவற்றையும் இணைத்து சுன் அமைத்த முறையில், மற்றவற்றைப்போல முழங்காலை ஆழமாக மடக்கித் தாழ்ந்து நிற்க வேண்டுவதில்லை. நிமிர்ந்தே நிற்கலாம். ஒரு பாதம் முன்னே சென்றால் மற்றது அதைத் தொடர்ந்து சென்று அருகில் நிற்கும், பின்வாங்கினாலும் அப்படியே. கால்கள் அகன்று நின்று முழங்கால் நெடுநேரம் பாரத்தில் திணறும் நிலைமை இதனால் குறைகிறது. பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாறிக்கொண்டேயிருக்கிறது. நான் மேலே சொன்ன பிழிதலும் உறிஞ்சுதலும் இதைவிட மிருதுவாக நிகழ்வது அரிது.

இளமையிலேயே மூட்டு வாதத்துக்கு ஆளாகித் தாய் சியினால் பலன் கண்ட சிட்னி நகரத்து வைத்தியர் பால் லாம், 1997-ல் நிபுணர் சிலருடன் கூடி, இந்தச் சுன் முறையை ஆதாரமாகக் கொண்டே மூட்டு நோயாளிகளுக்கென்று ஒரு பாடத்திட்டத்தை வகுத்தார். பாஸ்டன் நகரில் முழங்கால் தேய்மானமுள்ள 204 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தாய் சியும் மற்றவர்களுக்கு முறையான பிசியோதெரபியும் அளித்து ஒரு வருஷ காலம் கவனித்த ஆராய்ச்சியின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. வலி இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தது. மனச்சோர்வு நீங்குவதில் தாய் சி செய்தவர்கள் ஒரு படி மேலே இருந்தார்கள். வலியோடு தனிமையும் சேர்ந்து வாட்டும் முதியவர்களை அறிந்தவர்களுக்கு, இந்த இரண்டாவது செய்தி சிறிதாகத் தோன்றாது. ஆனால் குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடும் என்று எவரேனும் வாக்களித்தால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அன்பருக்குச் சில வார்த்தைகள். தங்களால் எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அதில் எழுபது சதவிகிதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடங்கும் முழங்கால், பாதம் நோக்கும் திசையையே நோக்கட்டும். விரல் நுனியைத் தாண்டி முன்னே போக வேண்டாம். செய்து முடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் வலி முன்னைவிட மிகுந்திருந்தால், அன்று அளவு மீறிவிட்டதென்று கொண்டு மறுநாள் குறையுங்கள். மூட்டு வீங்கிச் சூடாயிருக்கும் நாளில் வைத்தியரைக் கேட்காமல் எதையும் செய்யாதீர்கள்.

நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்தும் தொடங்கலாம். சுன் முறையில் திசை மாறும்போதெல்லாம் வரும் ஓர் அசைவு உண்டு: மார்புக்கு எதிரே உள்ளங்கைகளை ஒன்றையொன்று பார்க்க நிறுத்தி, மூச்சை உள்ளிழுக்கும்போது தோளகலத்துக்கு விரித்து, விடும்போது முகத்தின் அகலத்துக்கு நெருக்கிக் கொண்டுவருவது. ஊஞ்சலை நிறுத்திவிட்டு, என் தாயார் அமர்ந்த இடத்திலேயே அதைச் செய்திருக்க முடியும்.

(தொடரும்)