கால் எரிச்சலுக்கு மனச்சோர்வு மாத்திரையா?

பகலெல்லாம் ஓரளவு அடங்கியிருக்கும் எரிச்சல், விளக்கை அணைத்துப் படுத்ததும் உள்ளங்காலில் கிளம்பும். போர்வை பட்டாலே தாங்காது. காலை வெளியே நீட்டிப் போடுவார்கள், ஈரத்துணி சுற்றுவார்கள், எழுந்துபோய் குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நிற்பார்கள். சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் ஆன பலருக்கு இது அன்றாட அவதி. மருத்துவரிடம் சொன்னால் சீட்டில் சின்னதாக ஒரு மாத்திரையைச் சேர்த்து எழுதுகிறார்: அமிட்ரிப்டிலின், 10 மி.கி., இரவில் ஒன்று. வீட்டுக்கு வந்ததும் மகனோ மகளோ கைப்பேசியில் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். முதல் வரியிலேயே ‘மனச்சோர்வுக்கான மருந்து’ என்று வருகிறது. “அப்பா, இது மனநோய் மாத்திரைப்பா!” அந்த ஒரு பேச்சோடு அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் அற்று, எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கும் ஒருவருக்கு இதே மருந்தைக் கொடுத்து, ‘நரம்புக்குத்தான்’ என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். முன்னவர் பயந்து மருந்தை விடுகிறார். பின்னவர் தன் நோய் என்னவென்றே தெரியாமல் மருந்தை விழுங்குகிறார். எதற்காக, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்ற மூன்று விவரமும் இருவருக்குமே போய்ச் சேரவில்லை. இந்த மருந்தின் பாதுகாப்பு பெருமளவு அந்த மூன்றில்தான் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த குடும்பம்

அமிட்ரிப்டிலினின் கதை அதன் அண்ணன் இமிப்ரமினிலிருந்து தொடங்குகிறது. 1950-களில் பாசல் நகரின் கைகி மருந்து நிறுவனம், மனச்சிதைவு நோய்க்குப் பயன்படுமா என்று பார்ப்பதற்காக ஒரு வேதிப்பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பியது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உள்ள முன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் மனநல மருத்துவர் ரோலண்ட் கூன் அதைக் கொடுத்துப் பார்த்தார். மனச்சிதைவுக்கு அது உதவவில்லை. 1956-இல் கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொடுத்தபோது, பேச்சற்றுக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். மறு ஆண்டு சூரிச் நகரில் நடந்த உலக மனநல மாநாட்டில் கூன் இதை அறிவித்தபோது அரங்கில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான்.

அதே வழியில் சில ஆண்டுகளில் உருவானது அமிட்ரிப்டிலின். அமெரிக்காவில் மெர்க் நிறுவனம் 1961-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறில் மூன்று வளையங்கள் இருப்பதால் இந்தக் குடும்பத்துக்கு ‘ட்ரைசைக்ளிக்’ என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 1977-இல் தன் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டபோதே அமிட்ரிப்டிலின் அதில் இருந்தது. இன்றும் இருக்கிறது.

மனசு சரியாக இருந்தாலும் வலி குறையுமா?

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. சேதி சொல்லி முடிந்ததும் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அமிட்ரிப்டிலின் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி, கீழிருந்து வரும் வலிச் சேதியை மட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளும் இதே வேதிப்பொருள்களைத்தான் பயன்படுத்துகின்றன. அவை கூடுதல் நேரம் தங்கும்போது வலிக்கு மேலிருந்து விழும் தடை பலமாகிறது.

அப்படியானால் மனச்சோர்வு தீர்வதால்தான் வலியும் தெரியாமல் போகிறதா? இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கே இருந்தது. அமெரிக்காவில் மிட்செல் மாக்ஸ் குழுவினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் தந்தது. சர்க்கரை நோயால் நரம்பு வலி கண்டவர்களுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தபோது, மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வலி குறைந்தது. ‘எனக்கு மனசு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இந்த மாத்திரை?’ என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான்.

2022-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், பிரிட்டனில் சர்க்கரை நோய் நரம்பு வலி உள்ள 130 பேர் கலந்துகொண்டார்கள். அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபாலின் ஆகிய மூன்றில் ஒன்றில் தொடங்கி, போதாதவர்களுக்கு இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 10-க்கு 6.6 என்று இருந்த வலி, எந்த மருந்தில் தொடங்கினாலும் 16 வாரத்தில் சராசரியாக 3.3-க்கு இறங்கியது. வலி பாதியாகக் குறைந்தது என்பதுதான் இதன் பொருள். அடியோடு போய்விடும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து, இரண்டே வாரத்தில் மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

சர்க்கரையால் சேதமான நரம்பை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. எரிச்சல் தணிந்தாலும் பாதத்தின் மரத்துப்போன தன்மை அப்படியே இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதையும், தினமும் உள்ளங்காலைப் பார்ப்பதையும், எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்பையும் விட்டுவிடக் கூடாது.

அக்கி வந்து போனபின் மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பது ஆகியவற்றுக்கும் இதே மருந்து எழுதப்படுகிறது. வயிற்றுவலியும் பேதியும் மலச்சிக்கலும் மாறி மாறிப் படுத்தும் ஐ.பி.எஸ். உபாதைக்கு 10 முதல் 30 மி.கி. வரை கொடுத்து, இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆறு மாத முடிவில் நல்ல நிவாரணம் தெரிந்தது.

அளவு மாறினால் வேலை மாறும்

வலிக்குப் பெரும்பாலும் 10 மி.கி.யில் தொடங்கி, தேவைக்கேற்ப மெல்ல ஏற்றுவார்கள். மனச்சோர்வுக்கான அளவு இதைவிடப் பல மடங்கு; வழக்கமாக 75 முதல் 150 மி.கி. வரை. கால் எரிச்சலுக்கு 10 மி.கி. சாப்பிடுபவருக்கு மனச்சோர்வும் இருந்தால், அந்த மாத்திரை அதற்குப் போதாது. நாள்பட்ட வலியோடு மனச்சோர்வும் சேர்ந்துகொள்வது சகஜம் என்பதால், அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

மனச்சோர்வைத் தீர்ப்பதில் இந்தப் பழைய மருந்து சளைத்ததல்ல. 21 மருந்துகளை ஒப்பிட்டு, 522 ஆய்வுகளையும் 1,16,477 நோயாளிகளையும் கணக்கில் எடுத்து 2018-இல் ‘லான்செட்’டில் வந்த பெரும் தொகுப்பாய்வில், பலன் தருவதில் முன்னணியில் நின்றது அமிட்ரிப்டிலின். ஆனாலும் இன்று மருத்துவர்கள் முதலில் எழுதுவது செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூயோக்செட்டின் போன்றவற்றைத்தான். அவற்றில் பக்கவிளைவுகள் குறைவு, இதயத்துக்கும் பொதுவாகத் தொல்லை குறைவு.

வாய் ஏன் வறள்கிறது?

செரட்டோனினோடும் நார்அட்ரினலினோடும் இந்த மருந்து நின்றுவிடுவதில்லை. ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கம் வருகிறது, பசி கூடி எடை ஏறுகிறது. அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் வாய் வறளுகிறது, மலம் இறுகுகிறது, பார்வை மங்கலாகிறது, சிறுநீர் தயங்கித் தயங்கிப் போகிறது. இரத்தக்குழாயைத் தளர்த்துவதால் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது.

சர்க்கரை நோயாளிகள் வாய் வறட்சியில் குழம்பிவிடுவதுண்டு. சர்க்கரை ஏறினாலும் நா வறளும், மாத்திரையாலும் வறளும். சர்க்கரையைப் பரிசோதித்தால் எது என்று தெரிந்துவிடும். தாகத்துக்கு ஜூஸும் குளிர்பானமும் குடிக்காமல் தண்ணீரை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். காலையில் மந்தமாக இருந்தால், படுக்கும் நேரத்துக்குப் பதிலாக இரவு எட்டு மணி வாக்கில் மாத்திரையைப் போடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். உடம்பு பழகும்வரை அதிகாலையில் இருசக்கர வாகனம் ஓட்டாமல் இருப்பது நல்லது. மதுவோடு இது சேரவே கூடாது.

65 வயதைத் தாண்டியவர்களுக்கு இதை எழுத மருத்துவர்கள் தயங்குவதற்கு வலுவான காரணம் உண்டு. இரவில் கழிப்பறைக்கு எழும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். சிலர் திடீரெனத் தடுமாற்றமாகப் பேசுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் அதை மறதி நோய் என்று நினைத்துவிடுவார்கள். புது மாத்திரை தொடங்கிய பிறகு பெரியவர்களின் பேச்சிலோ நடையிலோ மாற்றம் தெரிந்தால், அந்த மாத்திரையைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது. வலிப்பு நோய், சிலவகைக் கண் நீர் அழுத்த நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் தொடங்கும் முன் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது வழக்கம். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் தாங்களாகத் தொடங்கவும் கூடாது, தாங்களாக நிறுத்தவும் கூடாது.

‘நரம்பு மாத்திரை’க்குள் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் ‘நரம்பு மாத்திரை’ என்றால் வைட்டமின் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். பிரிகாபாலின், மெத்தில்கோபாலமின், நார்ட்ரிப்டிலின் மூன்றும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது இந்தியாவில் மிகச் சாதாரணம். நார்ட்ரிப்டிலின் வேறு யாருமல்ல. அமிட்ரிப்டிலின் ஈரலில் உடைந்து உண்டாகும் பொருளே அதுதான். சர்க்கரை மருத்துவர் எழுதிய நரம்பு மாத்திரையில் ஒன்றும், தூக்கத்துக்கென்று வேறொருவர் எழுதியதில் இன்னொன்றுமாக, ஒரே குடும்பத்து மருந்து இரண்டு தடவை உள்ளே போக வாய்ப்பு உண்டு.

அமிட்ரிப்டிலினோடு குளோர்டயசெபாக்சைடு சேர்ந்த மாத்திரைகளும் கடைகளில் உண்டு. அமிட்ரிப்டிலினுக்கு அடிமையாகும் தன்மை கிடையாது. குளோர்டயசெபாக்சைடுக்கு உண்டு. பழைய சீட்டை நீட்டி ஆண்டுக்கணக்கில் அதை வாங்கிச் சாப்பிடுபவர்கள், எதைப் பழக்கிக்கொள்கிறோம் என்று அறியாமலே பழகிப்போகிறார்கள்.

ஃப்ளூயோக்செட்டின் போன்ற மருந்துகள் அமிட்ரிப்டிலின் உடைவதைத் தாமதப்படுத்தி, இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். டிரமடால் என்ற வலி மாத்திரையோடு சேரும்போது வலிப்பும், செரட்டோனின் மிகுந்து நடுக்கமும் காய்ச்சலும் வரும் அபாயமும் கூடும். எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவதே இதற்கு எளிய வழி.

முதல் சில வாரங்கள்

மனச்சோர்வுக்குச் சாப்பிடுபவர்களுக்குப் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். மனநிலை தெளியத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் ‘இது எனக்குச் சரிப்படாது’ என்று விட்டுவிடுபவர்கள் ஏராளம். 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், எல்லா மனச்சோர்வு மருந்துகளிலும் கடும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறார்களுக்காகவும், 2007-இல் இளைஞர்களையும் சேர்த்தும் ஆணையிட்டது. அந்த நாள்களில் பிள்ளைகளைத் தனியே விடாமல் பேச்சுக் கொடுத்தபடி இருக்க வேண்டும். படபடப்போ தூக்கமின்மையோ திடீரெனக் கூடினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

அளவு மீறினால் இந்த மருந்து இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். சில நாள்களுக்கான மாத்திரையை மட்டும் வாங்கி, வீட்டில் ஒருவர் பொறுப்பில் பூட்டி வைப்பது பாதுகாப்பு. குழந்தையோ பெரியவரோ தவறிக் கூடுதலாக விழுங்கிவிட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். மனம் கனத்துத் தவிக்கும் நேரத்தில் பேச, இந்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416 இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.

குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் குமட்டல், தலைவலி, சிடுசிடுப்பு, தூக்கக் கலைவு வரும். உடம்பு பழகிய மருந்தைச் சட்டென்று எடுப்பதன் விளைவு இது. மனச்சோர்வு தீர்ந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின்பு வாரக்கணக்கில் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள்.

மருத்துவர்களும் ஒரு காரியம் செய்யலாம். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘கால் எரிச்சலுக்கு’ என்றோ ‘மனச்சோர்வுக்கு’ என்றோ ஒரு சொல் எழுதிக் கொடுத்தால் போதும், மேலே சொன்ன குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். ‘மனச்சோர்வுக்கு’ என்று எழுதுவதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவதுபோல் அதுவும் சிகிச்சைதான். சீட்டில் எழுதித் தராவிட்டால், நாற்காலியிலிருந்து எழும் முன் நோயாளியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.