தாத்தாவின் சாப்பாட்டுக்குத் தனிச்சொல்

கொரிய வீடுகளில் பேரன் சாப்பிடுவது 'பாப்'. அதே சோற்றைத் தாத்தா சாப்பிட்டால், அது 'ஜின்ஜி'. பேரன் உறங்குவதற்கு 'ஜாதா' என்ற வினை, தாத்தாவுக்கு 'ஜுமுஷிதா'. இப்படித் தனிச்சொல் இல்லாத இடங்களில் வினையின் நடுவே 'ஷி' என்ற ஒட்டைச் சேர்த்தால் மரியாதை வந்துவிடும். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினையின் முடிவும் மாறும். புதிதாக அறிமுகமாகும் கொரியர் உங்கள் வயதைக் கேட்டால் தவறாக நினைக்காதீர்கள். எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்.

கடை ஊழியர்கள் சிலர் பணிவு மிகுந்து, 'காப்பி வந்துவிட்டார்கள்' என்பதுபோல் காப்பிக்கும் 'ஷி' சேர்க்கிறார்கள். தென்கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் இதைப் பிழை என்கிறது. கொரியம் கற்கும் நேயர்களே, உங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'ஷி' சேர்த்துவிடாதீர்கள்!