பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துப் போகுமுன்

பங்குனி பிறந்து கோடை மழைக்கு மேகம் கூடத் தொடங்கும் நாட்களில், கேரளத்துச் சித்திரபுரத்தைச் சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளும் ஏலத்தோட்டங்களும் காட்டோடு ஒட்டிக் கிடக்கும் ஓரங்களில், விடியுமுன்பே காட்டுச் சேவல் கூவுகிற ஓசை தொழிலாளர் லயத்து வாசல்வரை வந்து கேட்கும். அதைக் கேட்டதும் சுருக்குக் கம்பியையோ, பரணில் கிடக்கும் நாட்டுத் துப்பாக்கியையோ எடுத்துக்கொண்டு, பள்ளி விடுமுறையில் வீட்டிலிருக்கும் பையனையும் “வாடா, காட்டைக் காட்டுகிறேன்” என்று கூட அழைத்துக்கொண்டு புறப்படும் வழக்கம் மலைப் பிரதேசங்களில் அடியோடு மறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. மாமன் அழைத்தால் பையனுக்கு உற்சாகம். தகப்பனுக்கும் அதில் பெரிய தோஷம் எதுவும் தென்படுவதில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தக் காலைப் பொழுது எவ்வளவு பாரதூரமான காரியம் என்பதையும், அகப்பட்டுக்கொண்டவருக்கும் சில உரிமைகள் உண்டு என்பதையும் மலையில் வாழ்கிற ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

அமெரிக்காவில் வசந்த காலத்தில் தகப்பன் மகனை வான்கோழி வேட்டைக்கு அழைத்துப் போவது அங்கீகரிக்கப்பட்ட குலாசாரம்போல் நடந்து வருகிறது. அந்தக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு, அங்கே கூடுவது இங்கே ஏன் கூடாது என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. அங்கே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் அழிந்துபோயிருந்த காட்டு வான்கோழியை, மிஞ்சிய காடுகளிலிருந்து பிடித்து வேறு காடுகளில் விட்டுப் பெருக்கினார்கள். 1937-ல் துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது விதித்த வரியை வனஜீவராசிகளின் பராமரிப்புக்கு ஒதுக்கினார்கள். உரிமம், பருவம், ஒருவர் இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பு எல்லாம் ஏற்படுத்தினார்கள். நம் தேசம் வேறு மார்க்கத்தைத் தேர்ந்துகொண்டது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் தடை செய்தது. 1991-ல் வந்த திருத்தத்தோடு, விளையாட்டு வேட்டைக்கு உரிமம் வழங்கும் ஏற்பாடே எடுபட்டுப் போயிற்று. ஆகவே பொழுதுபோக்குக்காகக் காட்டுக்கோழி சுடுவதற்கு இந்தியாவில் எந்த அலுவலகத்திலும் எந்த உத்தியோகஸ்தரும் அனுமதிச் சீட்டு கொடுக்க முடியாது.

இந்த மலைக்கு வேட்டை புதிதல்ல என்பதும் மெய்தான். இரவிகுளத்துப் புல்வெளிகளைத் தேயிலைக் கம்பெனியார் தங்கள் வேட்டைப் பிரதேசமாகவே வைத்திருந்தார்கள். 1971-ல் அரசு அந்த நிலங்களை எடுத்துக்கொண்டது, 1975-ல் அது சரணாலயமாயிற்று, 1978-ல் தேசியப் பூங்காவாயிற்று. துரைமார்கள் வரையாடு சுட்ட கதைகளைத் தாத்தாக்கள் ரசித்துச் சொல்வார்கள். பக்ஷி சாஸ்திரி சாலிம் அலியே சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு, அதன் கழுத்திலிருந்த மஞ்சள் அடையாளத்தைக் கண்டு ஆச்சரியமுற்று, இன்ன ஜாதி என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனதில்தான் அவருடைய பக்ஷி வித்தையே தொடங்கிற்று. 1933-ல் திருவாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுக்க இந்தப் பிரதேசத்துக்கும் வந்தார். “அவரும் சுட்டவர்தானே” என்று வாதிப்பவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவர் சிறுவனாகச் சுட்ட காலத்தில் இந்தச் சட்டம் இல்லை.

சட்டம் ‘வேட்டை’ என்பதற்குத் தந்திருக்கும் விரிவைப் பலர் அறிவதில்லை. கொல்வது மாத்திரமல்ல, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது எல்லாம் அதில் அடங்கும். ஒரு பறவையும் விழாமல் வெறுங்கையோடு திரும்பினாலும் குற்றம் குற்றமே. பறவைகளின் விஷயத்தில் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். புதரடியில் கண்ட காட்டுக்கோழி முட்டைகளை மடியில் கட்டி வந்து, வீட்டு அடைக்கோழியின் கீழ் வைத்துப் பொரிக்க விடுகிற வேடிக்கையைப் பாவமற்றதென்றுதான் நினைக்கிறோம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. உரிமம் வேண்டாத சிறு காற்றுத் துப்பாக்கியாயிற்றே, உண்டிவில்லாயிற்றே என்ற சமாதானமும் செல்லாது. ஆயுதம் எதுவானாலும் அடிபட்டது வனப் பறவையானால் வழக்கு ஒன்றுதான்.

பருவத்தையும் யோசிக்க வேண்டும். மாசி முதல் சித்திரைவரை சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கு முக்கியமான இனப்பெருக்க காலம். பெட்டை தரையில் சருகுக் குழியில் நான்கைந்து முட்டையிட்டு, மூன்று வாரம் தனியாக அடைகாக்கும். காட்டின் ஓரத்துச் சேவல் ஓயாமல் கூவி இருப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பதும் அப்போதுதான். சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளிபோல் மின்னும் மஞ்சள் புள்ளிகளுக்காக, தூண்டிலில் கோக்கும் பொய்ப்பூச்சி செய்யும் மேல்நாட்டார் அவற்றை விலைகொடுத்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த இறகை வீட்டில் வைத்திருப்பதும் விசாரணைக்கு இடம் தரும்.

தண்டனையைப் பார்ப்போம். 2022-ன் திருத்தம் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. சாதாரணக் குற்றத்துக்கு 3 ஆண்டுவரை சிறையோ, 1 லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள ஜீவராசியானால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இறைச்சியோ இறகோ வசம் இருந்தால், அது நியாயமாக வந்ததென்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர்மேலேயே விழுகிறது. வேட்டைக்குப் போன ஜீப்பும் பைக்கும் பறிமுதலாகும். குற்றம் நிரூபணமானால் அரசுக்கே சொந்தமாகும். உரிமமற்ற துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டத்தின்படி தனியாக 2 முதல் 5 ஆண்டு.

இவை தவிர உயிர் அபாயம். மூடுபனியில், புதர் அசைந்த இடத்தை நோக்கிச் சுட்ட குண்டு கூட வந்தவன்மேல் பாய்வதும், பழைய குழல் வெடித்துக் கை சிதைவதும் நேரக்கூடியவையே. பன்றிக்கென்று வெடிமருந்து திணித்து வைக்கும் தீனியும், திருட்டு மின்கம்பியும் யார் வந்தார் என்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் பாலக்காட்டு மாவட்டத்தில் அத்தகைய தீனியைக் கடித்து வாய் சிதைந்த சினை யானையொன்று, வெள்ளியாற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டதைத் தேசம் முழுவதும் கண்டது.

இனிப் பையனைப் பற்றி. பதினெட்டு வயது நிரம்பாதவனை 2015-ன் இளஞ்சிறார் நீதிச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது. அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கலாகாது. குழந்தைகள் நலக் காவல் அதிகாரியிடம் ஒப்படைத்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளஞ்சிறார் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெயரும் படமும் பத்திரிகையில் வரக்கூடாது. பள்ளிச் சான்றிதழ்தான் வயதுக்கு முதல் ஆதாரம். ஆதலால் அதைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதே தகப்பன் செய்யவேண்டிய முதற்காரியம். ஆனால் அதே சட்டத்தின் 83-ஆவது பிரிவு, சட்டவிரோதச் செயலுக்குக் குழந்தையைப் பயன்படுத்தும் பெரியவருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் 5 லட்சம்வரை அபராதமும் விதிக்கிறது. கண்ணி வைக்கவும், முட்டை பொறுக்கவும், பையைச் சுமக்கவும் பையனை ஏவினவர் வேட்டை வழக்கோடு இதையும் சந்திக்க நேரலாம்; பிள்ளையிடம் சட்டம் காட்டுகிற தயை அழைத்துச் சென்ற மாமனுக்குக் கிடைக்காது.

கைதானவர் கதி என்ன? கைதின் காரணத்தை அறியவும், வக்கீலைக் கலந்தாலோசிக்கவும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிற்கவும் அரசியல் சாசனமே உரிமை தருகிறது. வனத்துறையில் உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தர், சந்தேக நபரின் முன்னிலையில் பதியும் சாட்சியம் கோர்ட்டில் ஏற்கப்படும். இங்கேதான் நம்மவர்கள் பலர் இடறுகிறார்கள்: காகிதம் மலையாளத்தில் இருக்கும், பேச்சு தமிழில் இருக்கும், எழுதியது என்ன என்று தெரியாமலே விரல் ரேகை விழுந்துவிடும். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாததில் கையெழுத்திட மறுப்பது அவமரியாதை ஆகாது. குறை தீர்க்கும் மனுவைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கவும் சாசனத்தின் 350-ஆவது பிரிவு இடம் தருகிறது. தோட்டத் தொழிலாளர், பெண்கள், குழந்தைகள், ஆதிவாசிகள் ஆகியோர் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள், எண் 15100.

வயலை அழிக்கும் பன்றிக்கு என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சித் தலைவருக்கு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. உரிமம் பெற்ற சுடுநர்தான் சுடலாம், விஷமும் வெடியும் மின்சாரமும் கூடாது, பிணத்தைப் புதைக்க வேண்டும், தின்னலாகாது. தன்னையோ பிறரையோ காக்க நேர்ந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு காயப்படுத்தியதைச் சட்டம் மன்னிக்கிறது. நஷ்டஈட்டுக்கு 1980-லிருந்தே விதிகள் இருக்கின்றன. அழிந்த பயிரை அகற்றுமுன் படமெடுத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீஸில் மனுச் செய்யுங்கள்.

காட்டைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை தவறன்று. அதற்கு வழியும் இருக்கிறது. வனத்துறை மாணவர்களுக்காகக் காடுகளில் முகாம்கள் நடத்துகிறது. கேரளப் பறவைகளின் வரைபடத் தொகுப்புக்கு, 2015-ல் தொடங்கிய பணியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் பறவை கண்டு எழுதினார்கள். பையனுக்கும் ஒரு தூரக் கண்ணாடியையும் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்துப் பாருங்கள். பள்ளி விடுமுறை தொடங்குமுன் ஊராட்சியிலோ, பள்ளியின் பெற்றோர் கூட்டத்திலோ இந்த விஷயத்தை எடுத்துப் பேசுங்கள். எந்தப் பிள்ளையையாவது வேட்டைக்கோ வேறு எந்தக் குற்றத்துக்கோ பெரியவர் இழுப்பதாகத் தெரிந்தால் 1098-ஐ அழையுங்கள்.