திறந்த மூல மென்பொருளிற் புதியோரும் அதிகாரப் பகிர்வும்

திறந்த மூல மென்பொருளின் நிரலை எவரும் வாசிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம். உரிமம் வழங்கும் இச்சுதந்திரத்தைக் கொண்டு, இத்துறையில் அதிகாரம் என்பதே இல்லை எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. திருத்தத்தை மூலக் களஞ்சியத்திற் சேர்க்கும் உரிமை ஒரு சிலரிடமே உள்ளது. அவ்வுரிமையைப் புதியோருக்கு எவ்வாறு வழங்குதல் தகும் என்பதே ஈண்டு நாம் நோக்கும் வினாவாகும்.

இவ்வதிகாரம் இரு படிகளையுடையது. முதலாவது, பயனர் அனுப்பும் வழு முறைப்பாடுகளை வகைப்படுத்தி, ஒரே வழுவைப் பற்றியவற்றை இணைத்து, அவசரமானவற்றை முற்படுத்தும் உரிமை. மற்றையது, நிரலையே மாற்றும் உரிமை. முன்னதில் நேரும் பிழையை எளிதிற் சீர்செய்யலாம். பின்னதில் நேரும் பிழையோ அம்மென்பொருளை நிறுவிய கணினிகள் யாவற்றையும் சென்றடையக்கூடும். 2019இல் கிற்ஹப் தளம், நிரலைத் தொடாது முறைப்பாடுகளை மட்டும் கையாளும் தனி நிலையொன்றை ஏற்படுத்தி, இவ்வேறுபாட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தது.

1999இல் நிறுவப்பட்ட அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் செயற்றிட்டங்களில், தொடர்ந்து உழைத்தோரை ஏற்கெனவே பொறுப்பிலுள்ளோர் வாக்களித்துச் சேர்த்துக்கொள்வர். உழைப்பே தகுதி என்பது இதன் அடிப்படை. ஆயின் உழைப்பு மட்டுமே நம்பிக்கைக்கு அளவுகோலாகுமா?

எக்ஸ்இசட் யூற்றில்ஸ் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் அனுபவம் இவ்வினாவைக் கூர்மைப்படுத்திற்று. தன்னார்வலர் ஒருவரே அதனை நெடுங்காலம் பேணிவந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுகளுக்கு மேலாகப் பயனுள்ள திருத்தங்களை அளித்தார். 2022இல் வேறு பெயர்களில் வந்தோர், பொறுப்பைப் பகிருமாறு பராமரிப்பாளரை நெருக்கினர். உரிமை பெற்ற அப்புனைபெயரினர், 2024இல் வெளியிட்ட இரு பதிப்புகளில் இரகசிய வாயிலொன்றைப் புகுத்தினார். தொலைவிலிருந்து கணினியினுள் நுழைகையில் ஏற்பட்ட ஏறத்தாழ அரை விநாடித் தாமதத்தை ஆராய்ந்த அந்திரேஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியியலாளர், அவ்வாண்டு மார்ச்சில் இதனை வெளிப்படுத்தினார்.

இதனைக் கொண்டு புதியோருக்குக் கதவடைத்தல் வேண்டுமென முடிபு கொள்வது தவறாகும். பொறுப்பு முழுவதும் ஒருவரிடமே குவிந்திருந்தமையும், அதனால் அவருற்ற களைப்புமே வஞ்சகத்திற்கு இடமளித்தன. ஆதலின், முறைப்பாடுகளைக் கையாளும் உரிமையைத் தாராளமாகவும், நிரலை மாற்றும் உரிமையைப் படிப்படியாகவும் வழங்குதல் வேண்டும். எவர் எழுதிய நிரலாயினும், மூத்தோருடையதாயினும், பிறிதொருவர் சரிபார்த்த பின்னரே வெளியாதல் வேண்டும். இம்மென்பொருள்களால் இலாபமீட்டும் பெருநிறுவனங்கள் அச்சரிபார்ப்பின் செலவில் தமக்குரிய பங்கை ஏற்காதவரை, பொதுச் சொத்தின் காவல் ஊதியமற்ற சிலரின் தோள்மீதே தங்கியிருக்கும் என்பது மனங்கொள்ளத்தக்கது.