முதல் தடவை எழுதுவோர் கதி

வைத்தியக் கல்லூரிப் பிரவேசத்திற்கான 'நீட்' பரீட்சையின் முடிவுகள் வெளியாகும்போதெல்லாம், அதிக மார்க்கு வாங்கியவன் மேதாவி, குறைவாக வாங்கியவன் மந்தன் என்று ஜனங்கள் தீர்மானித்துவிடுகின்றனர். மேதாவி எத்தனை மாதம் தயார் செய்தான், எத்தனையாவது தடவையாக எழுதினான் என்று விசாரிப்பாரில்லை. ஒருவன் எங்கிருந்து புறப்பட்டான் என்று கேளாமலே அவன் நடையின் வேகத்தை நிர்ணயிக்கும் நியாயம் இது.

நீதிபதி ஏ. கே. ராஜன் தலைமையில் ராஜ்ய சர்க்கார் நியமித்த கமிட்டி 2021-ல் அளித்த அறிக்கையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நீட் அமலுக்கு வருமுன், 2016-17-ல், வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்றோரில் நூற்றுக்கு 87.53 பேர் பிளஸ் டூ முடித்த அதே ஆண்டிலே சேர்ந்தவர்கள். 2020-21-ல் அத்தொகை 28.58 ஆகச் சுருங்கிற்று. எஞ்சிய 71.42 பேரும் மறுமுறை முயன்றவர்கள். நான்கே ஆண்டுகளில் நம் பிள்ளைகளின் மூளை தேய்ந்துவிட்டதென்று எவரேனும் துணிந்து சொல்வரோ? சர்க்கார் வைத்தியக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சிச்சாலைக்குச் செல்லாதவர் 48 பேரே என்ற விவரமும் 2019 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டில் வெளியாயிற்று.

காரணம் ரகசியமன்று. முதல் தடவை எழுதும் மாணாக்கன் மார்ச்சு மாதம் தமிழ், ஆங்கிலம் உட்பட ஆறு பாடங்களில் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதியாக வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் நீட் வந்துவிடுகிறது. இடையே கிடைப்பவை ஐந்தாறு வாரங்கள். மறுமுறை எழுதுபவனுக்கோ பள்ளிக்கூடம் இல்லை. ஆண்டு முழுவதும் அவனுடையது.

பரீட்சையின் அமைப்பும் இதற்கு இசைந்ததே. 180 கேள்விகள், 180 நிமிஷங்கள். சரியான விடைக்கு 4 மார்க்கு. தவறானால் 1 மார்க்கு பறிபோகும். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியில் கிடைப்பது கால் மார்க்கு. இரண்டு விடைகளைத் தவறென்று தள்ளிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தொட்டாலோ ஒன்றரை மார்க்கு. இந்தச் சாமர்த்தியம் நூறு மாதிரிப் பரீட்சைகள் எழுதிய கைக்கு வரும். கிராமத்துப் பிள்ளை பயந்து அந்தக் கேள்வியையே விட்டுவிடுகிறான். நோயாளியின் நாடியைப் பிடிப்பதற்கும் இவ்வித்தைக்கும் என்ன சம்பந்தமோ நாமறியோம்!

மறுமுறை எழுதுவோர் மீது நமக்குக் குரோதம் கிடையாது. விடாமுயற்சி போற்றத்தக்கதே. ஆனால் ஓராண்டு சம்பாத்தியமின்றி வீட்டிலிருந்து, பயிற்சிச்சாலைக்குச் சம்பளமும் கட்டிப் படிக்கக் கூடிய குடும்பங்கள் எத்தனை? விவசாயக் கூலியின் மகள் முதல் தடவை தவறினால், பெரும்பாலும் அதுவே கடைசித் தடவை. தமிழ் மூலம் படித்தோர் கதி இன்னும் பரிதாபம். மேற்படி கமிட்டியின் கணக்கில் அவர்கள் பங்கு 14.88 சதவிகிதத்திலிருந்து 1.99 சதவிகிதமாக வீழ்ந்தது.

சர்க்கார் பள்ளி மாணாக்கருக்கு 2020-ல் சட்டமூலம் அளிக்கப்பட்ட 7.5 சதவிகித ஒதுக்கீடு நற்செய்கையே. எனினும் அதற்குள்ளும் முதல் தடவையாளருக்குத் தனி இடமில்லை. ஐ.ஐ.டி.களுக்கான மேல்நிலைப் பரீட்சையைத் தொடர்ந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு தடவைதான் எழுதலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நீட்டுக்கு அவ்வரம்பு இல்லை. இருந்த வயது உச்சவரம்பும் 2022-ல் நீக்கப்பட்டது. ஒன்றில் பொருந்தும் நியாயம் மற்றொன்றில் ஏன் பொருந்தாது? நீட் நீடிக்கும் வரையில், ஒவ்வொரு மார்க்குப் பட்டியலோடும் அது எத்தனையாவது முயற்சி என்பதையும் பகிரங்கப்படுத்த வேண்டும். முதல் முயற்சியினருக்கென ஒரு பங்கு இடங்களை ஒதுக்க வேண்டும். இதற்கு டில்லி சர்க்கார் என்ன தடை சொல்லப் போகிறார்கள்?