அடுத்தவர் மேஜையில் கிடக்கும் நம் கையெழுத்து

செய்யாறு கடைத்தெருவில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர் ஒருவர், விடுதி ஒன்றுக்குச் சாமான் வழங்கும் அரசு டெண்டருக்கு விலை போட உட்கார்ந்தார். கடைசி நாள், மாலை நான்கு மணி. விலைப்பட்டியல் தயார். ஈ.எம்.டி. பணமும் கட்டியாயிற்று. டோக்கனைக் கணினியில் செருகினால், சான்றிதழ் காலாவதி என்று வந்து நின்றது. இரண்டு வருடத்துக்கு எடுத்தது, முந்தின வாரம் முடிந்துவிட்டிருக்கிறது. டோக்கன் எப்போதும் டெண்டர் போட்டுத் தருகிறவரின் கடையில்தான் கிடக்கும் என்பதால், இவர் தேதியைப் பார்த்ததே இல்லை.

டி.எஸ்.சி. என்று நாம் சொல்லும் இந்த டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், பார்வைக்குப் பென் டிரைவ் போல இருப்பதால் நம்மில் பலர் அதை ஆடிட்டரின் சாமான் என்றே நினைத்துவிட்டோம். அது என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

பாஸ்வேர்டு என்பது வாசல்காரன் காதில் சொல்லும் சொல். பக்கத்தில் நின்று கேட்டவனும் நாளைக்கு அதையே சொல்லி உள்ளே போகலாம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு ஏமாற்றுகிறார்களே, அதுவும் இந்தக் கதைதான். சான்றிதழ் முறையில் சொல்லிக் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. டோக்கனுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதற்கு ஜோடியான பொதுச் சாவி சான்றிதழில் இருக்கிறது. அதை யாரும் பார்க்கலாம். சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை அனுப்பி, இதில் கையெழுத்துப் போடு என்கிறது. டோக்கன் உள்ளேயே போட்டு, கையெழுத்தை மட்டும் வெளியே தருகிறது. சாவி வெளியே வருவதில்லை. நேற்றுப் போட்ட கையெழுத்தை வழியில் பிடித்தவனுக்கு இன்று அதனால் பயனில்லை.

வங்கியில் மாதிரிக் கையெழுத்து வாங்கி வைக்கிறார்கள் அல்லவா, பொதுச் சாவி அது போன்றதுதான். ஆனால் அந்த மாதிரி உண்மையிலேயே இன்னாருடையது என்று யார் சொல்வது? 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, மத்திய அரசின் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதைச் சொல்கின்றன. பான், ஆதார் பார்த்து, வீடியோவில் நம் முகத்தையும் பார்த்த பிறகே சான்றிதழ் தருகிறார்கள். 2021 ஜனவரி முதல் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் நிறுத்தப்பட்டு, மூன்றாம் வகுப்புதான் வழங்கப்படுகிறது.

தனி உரிமையாளராகக் கடை நடத்துகிறவருக்கு ஜி.எஸ்.டி.யில் ஓ.டி.பி. போதும். கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ பதிந்தவர்களுக்கும், அரசு டெண்டர் போடுகிறவர்களுக்கும் டோக்கன் வேண்டியிருக்கிறது. புதுப்பித்தால் மட்டும் போதாது; புதிய சான்றிதழை அந்தந்தத் தளத்தில் மறுபடியும் பதிய வேண்டும். இதை மறந்து தவிப்பவர்கள் நிறைய.

இனி சட்டம். அதே சட்டத்தின் 42-வது பிரிவு, சாவியைக் கவனமாகத் தம் கைவசம் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது. சாவி பிறர் கைக்குப் போனது தெரிந்தால் சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை பொறுப்பு நம்முடையதே. பிறர் கையெழுத்தை மோசடியாகப் போடுபவனுக்கு 66-சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் டோக்கனையும் பின் எண்ணையும் நாமே கொடுத்திருந்தால், அது மோசடி என்று காட்டுவது லேசான காரியமா? வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு அடுத்தவர் மேஜையில் வைக்க எந்த வியாபாரியும் துணியமாட்டார். ஆடிட்டரை நாம் குறை சொல்லவில்லை. அவர் மேஜையில் இருபது பேருடைய டோக்கன் கிடந்தால் அவருக்கும் தலைவலிதான். வேலை இருக்கும் நாளில் நாமே எடுத்துப் போய், பின் எண்ணை நாமே அடித்துவிட்டு வரலாம்.

நம் உறுப்பினருக்கு அந்த டெண்டர் போனது போனதுதான். மறுநாள் டோக்கனைத் திருப்பி வாங்கி வந்தார். அதன் கயிற்றில் பின் எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கட்டியிருந்ததாம்.